அருவி அடைத்த ஆண்டு

குற்றாலத்தில் ஆனி, ஆடி என்றால் சாரலோடு டீசல் புகையும் வரும். ஐந்தருவி சாலையில் பழக்கடை வைத்திருக்கிறேன். வேன்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்கும். அந்தி சாய்ந்தால் அம்மாவுக்கு இளைப்பு வந்துவிடும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் அருவிகளை அடைத்தார்கள். 25ஆம் தேதி ஊரடங்கில் நாடே முடங்கியது. ஏப்ரலில் வட இந்திய வானில் தூசு இருபது ஆண்டுகளில் காணாத அளவு குறைந்ததை நாசாவின் செயற்கைக்கோள் காட்டியது. ஜலந்தர்க்காரர்கள் மாடியிலிருந்தே பனிமலை பார்த்தார்கள். இங்கே தென்காசிக் கோபுரத்துக்குப் பின்னால் மலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அம்மா இன்ஹேலரை அதிகம் தேடவில்லை.

ஆனால் பேரருவி கொட்டியும் குளிக்க ஆளில்லை. மங்குஸ்தான் கூடையிலேயே அழுகியது. எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சிமார் ரேஷன் அரிசியில் காலம் தள்ளினார்கள். அந்தப் பசியை மறந்து, காற்று சுத்தமானதை மட்டும் கொண்டாட என்னால் முடியாது. டிசம்பரில்தான் குளிக்க விட்டார்கள். வேன்கள் வந்தன, புகையும் வந்தது.

2021 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் காற்றிலுள்ள நுண்துகளுக்கான ஆண்டு வரம்பை கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. நம் நாட்டு வரம்பு 40. நிற்கிற வண்டியின் இன்ஜினை அணைக்கச் சொல்ல ஊரடங்கு தேவையில்லை. இந்தச் சீசனிலேயே அதைச் செய்யலாம்.