காற்று மாறினால் கரை மாறும்

ராமேஸ்வரத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எந்தக் கரைக்குப் போகலாம் என்று கேட்டால், அப்பா முதலில் "இப்ப என்ன காத்து?" என்றுதான் யோசிப்பார். கச்சான் அடித்தால் வடகடல், வாடை அடித்தால் தென்கடல். பாம்பன் தீவில் பிறந்தவர்களுக்கு இது மனப்பாடம்.

எங்களுக்கு வடக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா; பெண்கடல் என்போம். தெற்கே, இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடக்கும் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வைகாசி தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் தெற்குக் கரையைப் போட்டு அறையும். அப்போது தீவின் நிலமே மறைப்பாக நிற்பதால் வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ்.

தாத்தா காலத்தில் கரைவலைக்காரர்களின் வாழ்க்கையே இந்தக் கணக்கில்தான் ஓடியது. கரைவலைக்குப் பாறையில்லாத மணல் தரை வேண்டும், அலையும் அடங்கியிருக்க வேண்டும். வலையின் இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்கும்போது அலை புரண்டால் மடியில் மீன் தங்காது. அதனால் காற்று மாறியதும் வலை, பானை, பிள்ளைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய், பனையோலையில் வாடி போடுவார்கள். நெத்திலியும் காரலும் அந்த மணலிலேயே காயும். பருவம் முடிந்தால் ஓலையைப் பிரித்துவிடுவார்கள். அந்த வாடிகளை ஏழ்மையின் அடையாளமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவை கடலைப் படித்தவர்களின் கட்டடக்கலை.

ரயில் வேறு கணக்கோடு வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடி துறைமுக நகரமானது. போட் மெயிலில் வந்து இறங்கியவர்கள் அங்கே கப்பலேறி இலங்கையின் தலைமன்னாருக்குப் போனார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், தேவாலயம் எல்லாம் இரண்டு கடலுக்கும் நடுவில், ஒடுங்கிய மணல் திட்டின் மேல் எழும்பின. கல் கட்டடத்தை வாடை மாதத்தில் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு, மார்கழிப் புயலில், கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், உள்ளே இருந்தவர்களோடு அடித்துச் செல்லப்பட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி, தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தபின் கூட்டத்துக்குக் குறைவில்லை. கைட் சர்ஃபிங் பழக வரும் இளைஞர்கள் மட்டும் எங்கள் தாத்தாக்களைப் போலவே காற்று பார்த்துக் கரை மாறுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் வாடை மாதங்களில், கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்புக்குப் போங்கள். பிள்ளைகளோடு குளிக்க, கச்சான் மாதங்களில் அக்னி தீர்த்தம் அல்லது பாலத்துக்கு அந்தப் பக்கம் அரியமான். அரிச்சல்முனையில், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், இறங்காதீர்கள். இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே காலடி மணலை அரித்து இழுக்கும்.