கொடுமணல்: பனியன் நகருக்குப் பக்கத்தில் 2,000 ஆண்டு பழமையான தொழில் நகரம்... அங்கே பார்க்க என்ன இருக்கு?

திருப்பூரைக் கடந்து கிழக்கே ஓடும் நொய்யல், காவிரியில் சேரும் முன் கொடுமணல் கிராமத்தைத் தொட்டுச் செல்கிறது. ஈரோடு மாவட்டம் சென்னிமலை பக்கம் உள்ள இந்த ஊரில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய தொழில் நகரம் இயங்கியது. ஆனால், நேரில் போனால் கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. மண்மேடும் தோட்டமும்தான்!

எப்படித் தெரிந்தது?

பதிற்றுப்பத்தில் வரும் 'கொடுமணம்' இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980-களில் தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு நடத்தியது. பிறகு புதுச்சேரி பல்கலைக்கழகமும் தமிழக தொல்லியல் துறையும் தோண்டின.

என்னென்ன கிடைத்தது?

* இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள்.
* பச்சைக்கல், பளிங்கு, சூதுபவள மணிகள். பாதி வேலையில் விட்ட மணிகளும் கிடைத்ததால், இங்கேயே பட்டறை இருந்தது உறுதியானது. பச்சைக்கல்லுக்குப் பேர்போன படியூர், காங்கேயம் பக்கம்தான் இருக்கு.
* ஆட்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் பொறித்த பானை ஓடுகள்.
* நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வட்டுகள். ஆக, இந்த வட்டாரத்துக்கு நூல் புதுசு இல்லை!

அப்புறம் என்ன சிக்கல்?

ஒரு ஓடு எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடியும். பொக்லைன் வைத்து நிலத்தைச் சமப்படுத்தினால் அடுக்குகள் கலந்துவிடும். ஓடு கையில் இருக்கும், ஆனால் அது சொல்லும் கதை போய்விடும். ஈமக்காட்டில் உள்ள கல்வட்டங்களும் அப்படித்தான். கல்லை நகர்த்தினால் புதைகுழி எங்கே என்ற அடையாளமே அழிந்துவிடும்.

வெளிநாட்டில் எப்படி?

இங்கிலாந்து கிராமங்களில் இடைக்கால நிலப்பிரபுக்களின் அகழி சூழ்ந்த மாளிகைகள் இருந்தன. பல இடங்களில் இன்று மிஞ்சியிருப்பது பள்ளம் மட்டுமே. ஆனாலும், முக்கியமான இடங்களைப் பட்டியலிட்டு 1979-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கிறார்கள். அனுமதி இல்லாமல் அங்கே தோண்ட முடியாது.

உங்கள் தோட்டத்தில் கிடைத்தால்?

1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். பானை ஓடோ, கல்வட்டமோ கண்ணில் பட்டால் எடுக்காதீங்க, நகர்த்தாதீங்க. இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுத்து விஏஓ-விடம் சொன்னால் போதும்.