நூறு கிராமும் ஓர் இரவும்

போட்டிக்கு முந்தைய இரவில் விளையாட்டு வீரர்கள் உறக்கம் இழப்பதைப் பதற்றம் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். மனத்தை அடக்கத் தெரிந்தவர் உறங்குவார், தெரியாதவர் விழித்திருப்பார் என்பது அதன் உட்பொருள். மல்யுத்த விதிகளின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சில இரவுகள் வீரரின் மனத்தால் கெடுவதில்லை. அவற்றைப் போட்டியின் கால அட்டவணையே எடுத்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்ட் 6ஆம் நாள் பாரிஸில் வினேஷ் போகாட் கழித்த இரவு அத்தகையது.

ஒலிம்பிக் மல்யுத்தம் தொடங்கியபோது எடைக்கருவிக்கு அங்கே வேலை இல்லை. 1896 ஏதென்ஸ் போட்டியில் எடைப்பிரிவுகள் கிடையா. உருவத்தில் சிறியவரான ஜெர்மனியின் கார்ல் ஷூமான், பளுதூக்குதலில் வாகை சூடிய லான்செஸ்டன் எலியட்டையே முதற்சுற்றில் வீழ்த்தினார். அவர் ஆடிய இறுதிப் போட்டி இருட்டிவிட்டதால் நிறுத்தப்பட்டு மறுநாள் தொடர்ந்தது. இரு பகல்களுக்கு இடையே ஓர் இரவு வந்தது. ஆயினும் அந்த இரவில் அவர் விரும்பியதை உண்டு உறங்கத் தடையேதும் இருக்கவில்லை. இந்திய அகாராக்களின் மரபும் எடைப்பிரிவை அறியாதது. பயில்வான் காமா 1910இல் லண்டனில் தம்மைவிடப் பருத்த ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டார். அகாரா ஒழுக்கத்தில் பாலும் நெய்யும் போலவே உறக்கமும் உடலை வளர்க்கும் உணவாகக் கருதப்பட்டது.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் எடைப்பிரிவுகள் வந்தன. மெலிந்தவரைப் பருத்தவரிடமிருந்து காப்பதே அவற்றின் நோக்கம். ஆனால் எல்லை ஒன்று வகுக்கப்பட்டதும், அதற்குச் சற்று மேலே இருப்பவர் கீழிறங்கி, தம்மைவிடச் சிறியவரோடு மோதும் வாய்ப்பைத் தேடினார். எடை குறைக்கும் பழக்கம் அங்கே வேர்விட்டது. நீரருந்தாமை, பட்டினி, வெப்ப அறை, ரப்பர் உடையோடு ஓட்டம் ஆகியவை பயிற்சியின் பகுதிகளாயின. 1997இன் இறுதியில், ஒரு மாதத்திற்குச் சற்று மேலான கால அளவுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் இவ்வாறு எடை குறைக்கும்போது உயிரிழந்தனர். அதன் பின்னர் அந்நாட்டுக் கல்லூரிப் போட்டிகளில் வெப்ப அறையும் ரப்பர் உடையும் தடைசெய்யப்பட்டன. எடைச் சோதனை போட்டி நேரத்தை ஒட்டி நகர்த்தப்பட்டது.

பன்னாட்டு மல்யுத்தத்தில் இம்மாற்றம் 2018இல் வந்தது. அதற்கு முன் எடைச் சோதனை முந்தைய நாளே முடிந்துவிடும். வீரர் இரவில் உண்டு, நீரருந்தி, உறங்கி, பல கிலோ கூடிய உடலோடு மறுநாள் களமிறங்குவார். புதிய விதி சோதனையைப் போட்டி நாளின் காலைக்கு மாற்றியது. ஒரு பிரிவின் போட்டிகள் இரண்டு நாட்களுக்கு விரிந்தன. இரண்டாம் நாள் ஆட இருப்பவர் அன்று காலையும் எடை காட்ட வேண்டும். அளவுக்கு மீறிக் குறைப்பதைத் தடுக்கவே இவ்விதி எழுந்தது. ஆனால் எடை குறைக்கும் பழக்கம் நிற்கவில்லை. ஈடுசெய்யும் நேரமாக இருந்த இரவு, மீண்டும் குறைக்கும் நேரமாயிற்று.

அந்த இரவின் கணக்கு வினேஷ் வழக்கில் வெளிப்படையாகத் தெரிகிறது. டோக்கியோவில் 53 கிலோ பிரிவில் ஆடிய அவர், அப்பிரிவின் இந்திய இடத்தை வேறொருவர் பெற்றுவிட்டதால் 50 கிலோவுக்கு இறங்கினார். உலகப் போட்டிகளில் பத்துப் பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் ஆறே உண்டு என்பதால் இறங்குபடியும் பெரிது. ஆகஸ்ட் 6 காலை எடை சரியாக இருந்தது. அன்றே அவர் யூயி சுசாகி உள்ளிட்ட மூவரை வென்று, ஒலிம்பிக் இறுதிக்குச் சென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனையானார். மூன்று ஆட்டங்களுக்கு இடையே உண்டதும் அருந்தியதும் சேர்ந்து, மாலையில் எடை வரம்பைவிட 2.7 கிலோ கூடியிருந்தது. இரவு முழுவதும் உடற்பயிற்சியும் வெப்ப அறையுமாகக் கழிந்தது. முடியைக்கூடக் குறைத்தனர். காலையில் 100 கிராம் மிச்சமிருந்தது.

இத்தகைய இரவில் உறக்கம் ஏன் வராது என்பதற்கு உடலியல் எளிய விடை தருகிறது. உறங்கப்போகும் உடல் தன் உள்வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். வெப்ப அறையும் ஓட்டமும் அதை ஏற்றுகின்றன. போட்டியில் சுரந்த அட்ரினலின் விழிப்பை நீட்டிக்கிறது. பசியும் தாகமும் தம் பங்கிற்கு எழுப்புகின்றன. இவை எவையும் மனத்திண்மையால் நீங்குபவை அல்ல.

இரண்டு நாள் கழித்து அமன் செராவத்தும் அதே இரவைக் கண்டார். அரையிறுதிக்குப் பின் 61.5 கிலோ இருந்த அவர், உறங்காமல் சுமார் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து, 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அவரை அரையிறுதியில் வென்று பின்னர் தங்கமும் பெற்ற ஜப்பானின் ரெய் ஹிகுச்சி, 2021இல் 50 கிராம் கூடியதால் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் விலக்கப்பட்டவர். வினேஷுக்கு ஆறுதல் சொன்னவர்களுள் அவரும் ஒருவர். ஆகஸ்ட் 14 அன்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வினேஷின் மேல்முறையீட்டைத் தள்ளியது. விளைவு மிகக் கடுமையானது என்பதைத் தன் விரிவான தீர்ப்பில் ஏற்றாலும், விதி தெளிவானது என்றது.

தமிழில் தூங்குதலும் தூக்குதலும் ஒரே வேரின. தூக்குதலுக்கு நிறுத்தல் என்ற பொருளும் உண்டு. மொழியில் உறவாக நிற்கும் இவ்விரண்டையும் இன்றைய மல்யுத்த விதி எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் உலகப் போட்டியில் அமன் 1.7 கிலோ கூடியிருந்ததால் நீக்கப்பட்டார். இந்திய மல்யுத்தச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்து, பின்னர் விலக்கிக்கொண்டது. தவறியவர் தனிமனிதர் என்ற கணிப்பிலேயே அந்தத் தடை எழுந்தது. எடைச் சோதனையின் நேரத்தையும் பிரிவுகளின் எண்ணிக்கையையும் வகுத்தவர்கள் அக்கணிப்புக்கு வெளியே நின்றனர். இறுதிக்குத் தேறியவருக்கு இரண்டாம் நாள் காலையில் சிறிது எடைச் சலுகை தரலாம். ஒலிம்பிக்கில் பிரிவுகளைக் கூட்டலாம். இவற்றைப் பேசாமல் வீரரின் ஒழுக்கத்தை மட்டும் பேசும்வரை, அடுத்த ஒலிம்பிக்கிலும் யாரோ ஒருவர் அந்த இரவை வெப்ப அறையில்தான் கழிப்பார்.