நாட்டு விடுதலையும் ஆன்ம விடுதலையும்

விடுதலை என்னும் சொல்லைக் கிறித்துவ மக்கள் கோயிலில் ஒரு பொருளிலும், கொடிக்கம்பத்தின் அடியில் வேறொரு பொருளிலும் கேட்டுப் பழகியுள்ளனர். முன்னது பாவத்தினின்று பெறும் விடுதலை. பின்னது அந்நிய ஆட்சியினின்று பெற்ற விடுதலை. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்து கிறித்துவ மறையைத் தழுவிய மக்களுக்கோ, இவ்விரண்டிலும் அறுபடாத மூன்றாவது தளை ஒன்று இருந்தது. அதன் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரிற் பதிவு செய்தல் தகும் என எண்ணுகிறேன்.

திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் முழுவதும் விடுதலையைப் பற்றியதே. கிறித்துவுக்குள் வந்தவர்களிடையே அடிமை என்றும் ஆண்டான் என்றும் பிரிவில்லை என்பது அவர் கோட்பாடு. ஆயின் இக்கோட்பாடு தமிழ்நாட்டுத் திருச்சபைக்குள் நுழைவதற்கே நெடுங்காலம் பிடித்தது. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். ஆலயத்தில் தனித்தனியே அமர்வதும், திருவிருந்தில் முன்பின் முறை பார்ப்பதும் அப்போது வழக்கம். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறித்துவர் பலர் சபையை விட்டு விலகினர். இறைவனை ஏற்றவர்கள் உடன்பிறப்பை ஏற்க மறுத்த காட்சி அது. பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் அந்நாளில் சாதியாசாரத்தின் பக்கமே நின்றார் என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது.

இனி நாட்டு விடுதலைக்கு வருவோம். கிறித்துவர் வெள்ளையரின் சார்பினர் என்னும் பழி அக்காலத்தில் எளிதாகச் சுமத்தப்பட்டது. சேலத்திற் பிறந்த கே.டி. பால் அப்பழியைத் துடைக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற அவர், கிறித்துவர்க்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், நாட்டு மக்களோடு கலந்தே நிற்போம் என்னும் கொள்கையுடையவர். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஏ.டி. பன்னீர்செல்வமோ இதற்கு மாறான கருத்தினர். தனித் தொகுதி கோரிய சிறுபான்மையினர் உடன்படிக்கையில் 1931இல் அண்ணல் அம்பேத்கரோடு அவரும் கையொப்பமிட்டார். இருவரும் தத்தம் நிலையில் நேர்மையுடையவர்களே. எனினும் சேரியிலிருந்த கிறித்துவன் எவ்வரிசையில் நிற்பான் என்னும் வினா இவ்விரு கொள்கைகளிலும் விடையின்றியே நின்றது.

அவ்வினாவுக்கு விடை எழுதியது ஆங்கில அரசு. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இந்தியக் கிறித்துவர்க்குத் தனித் தொகுதியும், தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கீட்டு இடங்களும் வழங்கியது. ஒருவரே இரு பட்டியலிலும் இடம்பெறலாகாது என்பது போலும் எண்ணம். 1936இல் வெளியான பட்டியல் சாதியினர் ஆணை, இந்தியக் கிறித்துவர் எவரும் அப்பட்டியலில் அடங்கார் என விதித்தது. கிறித்துவ மன்னரின் பெயரால் ஆண்ட அரசே, தாழ்த்தப்பட்ட கிறித்துவனை முதன்முதலிற் பட்டியலிலிருந்து நீக்கிற்று என்பதை நம்மவர் பலர் அறியார். அவனுக்குத் தனித் தொகுதி இருக்கிறதே என்பதாவது அன்று ஒரு சமாதானமாக அமைந்தது.

விடுதலைக்குப் பின் அச்சமாதானமும் போயிற்று. அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராயிருந்த எச்.சி. முகர்ஜி வங்காளக் கிறித்துவர். சமயச் சிறுபான்மையினர்க்கு இட ஒதுக்கீடு தேவையில்லை என்னும் தீர்மானத்தை 1949 மே மாதத்தில் ஆலோசனைக் குழுவில் அவரே முன்மொழிந்தார். சென்னையிலிருந்து சென்ற இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசாவும் பெரும்பான்மையோரின் நல்லெண்ணத்தை நம்பி நின்றவர். அது பெருந்தன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தவர்கள் வேறு, இழந்தவர்கள் வேறு.

1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. இந்து சமயமல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது அதன் மூன்றாம் பத்தி. சீக்கியருள் நான்கு சாதியினர்க்கு மட்டும் விலக்களித்தது. தனித் தொகுதி என்னும் காரணம் மறைந்த பின்னும் விலக்கு மட்டும் நிலைத்துவிட்டது. பின்னர் 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தர்க்கும் கதவு திறந்தது. கிறித்துவர்க்கும் இசுலாமியர்க்கும் திறக்கவில்லை.

சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்னும் ஆதி திராவிடக் கிறித்துவர் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு இதனை விளக்கும். தெருவோரத்தில் அத்தொழில் செய்வோர்க்கு அரசு இலவசமாகப் பங்க்கடை வழங்கியது. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். ஆயினும் சமயத்தின் காரணமாக அவருக்கு அது மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது எனக் காட்டுவது மட்டும் போதாது, அதன் கொடுமை கிறித்துவ சமூகத்திற்குள்ளும் அதே கடுமையோடு நீடிக்கிறது என மெய்ப்பிக்க வேண்டும் என்று கூறி, 1985 செப்டம்பர் 30ஆம் நாள் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அம்மெய்ப்பைத் தரக்கூடியவர்கள் யார்? தனிக் கல்லறைத் தோட்டத்தையும் தனி வரிசையையும் கண்ட திருச்சபையார் அல்லரோ! தம் குற்றத்தைத் தாமே சான்று கூறினாலன்றித் தம் ஏழைச் சகோதரர்க்கு உரிமை கிட்டாது என்னும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது.

2007இல் நீதிபதி இரங்கநாத் மிசுரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்குமாறு பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இம்மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, கல்வி உதவித்தொகையிற் சில சலுகைகளைப் பெற்றனர். வேலை ஒதுக்கீட்டிலும் தனித் தொகுதியிலும் பட்டியல் சாதியினர்க்குரிய இடம் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆகையால் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் மற்றொரு பெயருமாகத் தம் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.