கடலோரத்து நாசரேத்

புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் வேளாங்கண்ணியில் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வரலாற்றை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். அம்மாலுமிகளின் தாய்நாட்டிலும் கடலோடிகள் நாடிச் செல்லும் மாதா கோயில் ஒன்றுண்டு. லிஸ்பன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், அட்லாண்டிக் கரையில் அமைந்த அவ்வூரின் பெயர் நசரே. நாசரேத் என்பதே அதன் பொருள். இரு ஊர்களுக்கும் செப்டம்பர் 8-ந் தேதியே திருவிழா நாள்.

ஊருக்குப் பெயர் தந்தது ஒரு சிறிய மரச் சுரூபம். பாலனுக்கு அமுதூட்டும் கோலத்தில் அமர்ந்திருக்கும் கறுத்த மாதா. சூசையப்பரே நாசரேத்தில் செதுக்கியது என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. 711-ம் ஆண்டு மூர்களின் படையெடுப்பின்போது ஒரு துறவி அதைக் கொணர்ந்து பாறைக் குகையில் மறைத்தாராம். 1182 செப்டம்பரில், மூடுபனி கவிந்த ஒரு காலையில், தோம் புவாஸ் என்னும் பிரபு குதிரையேறி மானைத் துரத்தினார். மான் பாறை விளிம்பைத் தாண்டி மறைந்தது. கீழே நூறு மீட்டருக்கு மேற்பட்ட பாதாளம்! பிரபு மாதாவைக் கூவியழைக்க, குதிரை விளிம்பிலேயே நின்றுவிட்டது. அவர் கட்டியதாகச் சொல்லும் சிற்றாலயத்தையும், குதிரையின் குளம்புச் சுவட்டையும் இன்றும் காட்டுகிறார்கள். இக்கதை ஏட்டில் ஏறியது நெடுங்காலம் கழித்தே. ஆயினும் மன்னர் பெர்னாந்து 1377-ல் எழுப்பத் தொடங்கிய பெரிய ஆலயத்துக்கு யாத்திரீகர் வரத்து ஓயவில்லை.

சுவடு மெய்யோ அன்றோ, மீனவ மக்கள் அம்மாதாவை இறுகப் பற்றிக்கொண்ட காரணம் கடலில் இருக்கிறது. சுமார் 230 கி.மீ. நீளமும், சில இடங்களில் 5,000 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பள்ளத்தாக்கு கடலடியில் கரையருகே வரை நீண்டு கிடக்கிறது. ஆழத்தின் வழியே வரும் அலை வேகம் குறையாமல் வந்து, மேட்டு நீரில் தளர்ந்து வரும் அலையோடு சேர்ந்து மலைபோல் எழும்புகிறது. இக்கடலில்தான் துடுப்புப் படகுகள் மீன் தேடிச் சென்றன. ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. அலையைப் பிளந்து கரையேற வேண்டும். ஏறிய படகை எருதுகள் மணலில் இழுக்கும். எத்தனையோ படகுகள் கரைக்கு எதிரிலேயே, காத்திருந்த மனைவி மக்களின் கண்முன்னே கவிழ்ந்தன. கறுப்பாடை அணிந்த கைம்பெண்கள் அவ்வூரின் அடையாளமாகவே ஆகிவிட்டனர். பாதுகாப்பான துறைமுகம் கிடைத்தது 1980-களில்தான். ஆலயம் எழுந்து அறுநூறு ஆண்டுகள் கழித்து!

அதே அலைகளைக் காண இப்பொழுது குளிர்காலந்தோறும் பெருங்கூட்டம் வருகிறது. 2020 அக்டோபர் 29 அன்று செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் என்ற ஜெர்மானியர் 26.21 மீட்டர் உயர அலைமீது பலகையில் சறுக்கி உலக சாதனை படைத்தார். 16-ம் நூற்றாண்டில் கடற்கொள்ளையருக்கு அஞ்சிக் கட்டிய கோட்டையில் நின்று மக்கள் ஆரவாரிக்கிறார்கள். கீழே மணலில் பழைய படகுகள் காட்சிப் பொருளாக நிற்கின்றன. பக்கத்திலேயே பெண்கள் வலைத்தட்டிகளில் மீனைப் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள்.