கச்சேரியும் குப்பை வாளியும்



மாத்தளையின் வரலாறு என்றதும் 1848ஆம் ஆண்டுதான் முன்னே வந்து நிற்கிறது. தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி போட்டார். ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய், இல்லையேல் பணம் கட்டு என்றது இன்னொரு சட்டம். அவ்வாண்டு ஜூலையில் கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்க, மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரிப்பதிவேடுகள் சில அழிந்தன.

வீட்டு நாயை எண்ணத் தெரிந்த அரசுக்கு, வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. கலகத்தின் வேர்களில் அதுவும் ஒன்று என்பேன்.

இன்று 'திறன்மிகு நகர ஆட்சி' என்று பேசுகிறார்கள். கணினியும் கமராவும் வந்தால் போதும் என்ற நினைப்பு பலருக்கு. எனக்கோ மாத்தளையின் குப்பைதான் நினைவுக்கு வருகிறது.

2007இல் ஐக்கிய நாடுகளின் ஆசிய பசுபிக் பொருளாதார சமூக ஆணைக்குழுவும், டாக்காவின் வேஸ்ட் கன்சேர்ன் அமைப்பும், நம் நாட்டின் செவனத்த நிறுவனமும் மாநகர சபையோடு கைகோத்து இங்கே ஒரு சிறு பசளை நிலையத்தைத் தொடங்கின. நம் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோலையும் மிஞ்சிய சோற்றையும் காற்றோட்டமாக உக்கவிட்டால் சில வாரங்களில் பசளையாகும். பொலித்தீனும் கண்ணாடியும் கலந்தால் பசளை கெடும். ஆகவே இந்தத் திட்டத்தின் உயிர் அடுப்படியில் வைக்கும் இரண்டாவது வாளியில் இருக்கிறது. அந்த வாளியை உத்தரவு போட்டு வைக்க முடியாது. படலையில் நின்று விளக்கிக் கேட்க வேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவில் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதுதான்; ஆனால் உழவனை யார் கேட்டார்கள்? விளைச்சல் சரிந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை விலகியது.

கேட்க மறந்த இன்னொருவரும் உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து கால்நடையாக மாத்தளை வழியே மலையேறியவர்கள் நம் முன்னோர். தோட்டங்களுக்கு மட்டுமல்ல, நகரங்களில் தெருக்கூட்டவும் தமிழகத்திலிருந்தே ஆள் வந்தது. அவர்களின் பிள்ளைகள் பலர் இன்றும் அந்த வேலையில் இருக்கிறார்கள். கலந்து கொட்டிய குப்பையிலுள்ள கண்ணாடி முதலில் கிழிப்பது அவர்கள் கையைத்தான். நகரத்தை எப்படித் துப்புரவாக வைப்பது என்று முதலில் அவர்களிடம் கேட்போமே!