படியும் பாலமும்: அமெரிக்கச் செவிலியர் கல்வியின் ஒரு வரலாறு

நோயுற்றோர்க்குத் தொண்டு புரியும் கரங்கள் யாவும் மேலானவையே. எனினும் அக்கரங்களுக்குள்ளும் மேற்படி, கீழ்ப்படி என உலகம் வகுத்து வைத்தது. அமெரிக்காவில் அந்த வேற்றுமை தோன்றிய விதத்தையும், அதைக் கடக்கப் பாலம் அமைந்த விதத்தையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1873-ஆம் ஆண்டில் நியூயார்க், நியூஹேவன், பாஸ்டன் நகரங்களில் நைட்டிங்கேல் அம்மையாரின் முறையைத் தழுவிய செவிலியர் பள்ளிகள் எழுந்தன. 1903-இல் வட கரோலினா மாநிலம் செவிலியரைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ‘பதிவு பெற்ற செவிலியர்’ என்னும் தகுதி இவ்வாறு பிறந்தது.

ஆனால் வீடுகளில் முதியோரையும் நோயாளிகளையும் குழந்தைகளையும் பேணி வந்த எளிய பெண்கள் எத்தனையோ பேர்! அவர்களுக்கென 1890-களில் நியூயார்க்கில் பல்லார்டு பள்ளி குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்கியது. 1914-இல் மிசிசிப்பி மாநிலம் இவர்களுக்கும் உரிமம் வழங்கச் சட்டம் செய்தது. இவர்களே ‘நடைமுறைச் செவிலியர்’ எனப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது பதிவு பெற்ற செவிலியர் பலர் படையில் சேர்ந்தமையால், மருத்துவமனைகள் இவர்களைப் பெருமளவில் நாடின.

ஓராண்டளவு பயிற்சி பெற்ற நடைமுறைச் செவிலியர், மருத்துவர் அல்லது பதிவு பெற்ற செவிலியரின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். நோயாளியின் நிலையை முழுமையாக ஆய்ந்து பராமரிப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பு மற்றவருடையது. பொறுப்புக்கேற்ப ஊதியமும் வேறு. பல்லாண்டு நோயாளிகளுடன் பழகிய ஒருவர் மேற்படி ஏற விரும்பினால், அரிச்சுவடியிலிருந்தா தொடங்க வேண்டும்? கற்றதும் உழைத்ததும் கணக்கில் சேராதா? இதுவே அன்று எழுந்த கேள்வி.

வழி திறக்கத் துணை நின்றது மற்றொரு மாற்றம். மில்ட்ரெட் மாண்டேக் என்னும் பேராசிரியை 1951-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டுச் செவிலியர் கல்வியை முன்மொழிந்தார். 1952-இல் அதற்கான சோதனைத் திட்டம் தொடங்கியது. வீட்டருகே, குறைந்த செலவில் படிக்கக்கூடிய சமுதாயக் கல்லூரிகளில் அக்கல்வி விரைந்து பரவியது. மாண்டேக் அம்மையார் அதைத் தனித்து நிற்கும் கல்வியாகவே கருதினார். ஆயினும் காலப்போக்கில் அதுவே ஏணியின் ஒரு படியாயிற்று.

1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் ‘முன் கற்றதை மதித்து மேலே சேர்த்துக்கொள்க’ என்னும் குரல் வலுத்தது. அதன் பயனே பாலப் படிப்பு. நடைமுறைச் செவிலியரின் முந்தைய பயிற்சிக்கு மதிப்பலகுகள் வழங்கப்படும். சில கல்லூரிகள் தேர்வு வைத்து வழங்கும். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களை முடித்து, புதிய பொறுப்புக்கு மனத்தைப் பழக்கும் பாடத்தையும் கற்று, பலர் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்கின்றனர். இறுதியில் எவ்வழியே வந்தோரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுத வேண்டும். பாலம் தூரத்தைக் குறைத்ததேயன்றித் தரத்தைக் குறைக்கவில்லை.

எனினும் எல்லாப் பாலங்களும் ஒரே கரையில் சேர்ப்பதில்லை. கலிபோர்னியாவின் ‘30 அலகு’ வழியில் பட்டமின்றியே பதிவு பெறலாம். ஆனால் பிற மாநிலங்கள் அதை ஏற்காமல் போகலாம். ஆதலால் சேருமுன் விசாரித்தறிதல் நன்று.

பகலில் வேலை, மாலையில் வகுப்பு, இடையே குடும்பம் என இப்பாலத்தைக் கடந்தோர் பலர். தாழ்ந்த படியில் நின்று செய்த தொண்டும் கல்வியே என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. உழைப்பை மதித்து வழிவிடும் சமுதாயமே உயரும்.